சுங்கை சிப்புட்டில் ஒரு வீரா: கொஞ்சம் கொஞ்சமா எழுப்புறேன், எதை முதல்ல செய்யலாம்?

செம்மண்வீரா

வணக்கம். ரொம்ப காலமா இங்க மத்தவங்க காடி கதையை வாசிச்சிட்டே இருந்தேன். இப்போ எனக்கும் ஒன்னு வந்திருச்சு. புரோட்டோன் வீரா 1.5 கார், மேனுவல். தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா (குமாஸ்தாவா) இருந்து ஓய்வு எடுத்த ஐயா ஒருத்தர் வச்சிருந்தது. புதுசா எடுத்ததுல இருந்து அவர் ஒருத்தர் கைதான். சர்வீஸ் ரசீது எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் டின்ல போட்டு சாவியோட சேர்த்துக் கொடுத்தார். கேட்டது ஒன்னே ஒன்னு: "வெட்டிப் போட்டுடாதே தம்பி."

நிலவரம் இதுதான். எஞ்சின் ஒரு தட்டுல எழுந்திருக்குது, புகை இல்ல. பிரேக் மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ளே போகுது. குழியில இறங்கினா முன்னாடி டொக் டொக்னு சத்தம். ஜாம்ல நின்னா சூட்டு முள் ஏறுது. பின் சக்கரத்து மேல் வளைவு ரெண்டு பக்கமும் துரு. ராத்திரி விளக்கு போட்டா மஞ்சளா ஒரு வெளிச்சம், அவ்வளவுதான்.

நான் செம்பனை ஆலையில ஷிப்ட் வேலை. வேலைக்கு மோட்டார்லதான் போறேன். அப்பா அம்மா இன்னும் தோட்டத்து லயத்துலதான் இருக்காங்க, பெரிய ரோட்டுல இருந்து உள்ளே போறது முழுக்க செம்மண். அம்மாவை மாசம் ஒரு தடவை ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அதுக்குத்தான் முதல்ல இந்தக் காடி. ஆனா பள்ளிக்கூட வயசுல இருந்தே வீராவை நல்லா கட்டி ஓட்டணும்னு ஆசை. மாசம் 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல ஒதுக்க முடியாது. கடன் எடுக்க மாட்டேன். எதை முதல்ல செய்யலாம்?

டர்போ_தாசேக்

வாழ்த்துகள் தம்பி! என் யோசனை: 200, 200ஆ சேர்த்து வை, ஒரே அடியா 4ஜி93ங்கிற பெரிய எஞ்சினை இறக்கிடு. சின்னச் சின்ன சாமான்ல காசை விட்டா கடைசி வரைக்கும் 1.5தான் ஓட்டிட்டு இருப்பே. எஞ்சின் மாறினாத்தான் காடி மாறும்.

பழைய_ஃபிட்டர்

தம்பி, நான் தோட்டத்துப் பட்டறையில டிராக்டரும் லோரியும் பார்த்தவன். இப்போ வீட்டுக்குப் பின்னாடி கொட்டகையில சும்மா ஏதாச்சும் செஞ்சிட்டிருக்கேன்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னு நீயே சொல்லிட்டே. அப்போ இந்தக் காடி எந்த வாரமும் படுக்கக் கூடாது. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான். என் கொட்டகையில ஒரு சட்டம் உண்டு: சனிக்கிழமை திறந்தது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மூடியிருக்கணும். ரெண்டு நாள்ல மூட முடியாத வேலையை ரெண்டு மூணு வேலையா பிரி. பிரிக்க முடியலன்னா காசும் சாமானும் ஆளும் முழுசா சேரும் வரைக்கும் தொடாதே. எங்க பக்கத்துல நல்ல நல்ல காடிங்க பலா மரத்தடியில மக்கிப் போனதைப் பார்த்திருக்கேன். அதுல எதுவும் ஓடி ஓடிக் கெட்டது இல்ல. எல்லாத்தையும் ஒரே நாள்ல பிரிச்சுப் போட்டு, போல்ட்டு எது எங்க போகும்னு மறந்து, காசும் தீர்ந்து நின்னுதுதான்.

அதனால முதல் மாசம் பிரேக். பிரேக் எண்ணெய் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 4 எண்ணெய் 230 பாகைக்குக் கீழ கொதிக்கக் கூடாதுங்கிறது தரக்கணக்கு. ஈரம் ஏறினதுக்கு அப்புறம் அந்தக் கணக்கு 155க்கு இறங்குது. நம்ம ஊர் மழைக்கும் வெக்கைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். உன் காடியில கடைசியா எப்போ மாத்தினாங்கன்னு அந்த டின்ல தேடிப் பாரு. டைமிங் பெல்ட் ரசீதையும் சேர்த்துத் தேடு. அது கிடைக்கலன்னா பெல்ட்டை மாத்தினதே இல்லன்னு வச்சுக்கோ. பிரேக்குக்கு அடுத்த வேலை அதுதான்.

ரப்பர் ஹோஸ் நாலையும் வளைச்சுப் பாரு. வெடிப்பு தெரிஞ்சா புதுசு. மிதிக்கும்போது ஹோஸ் உப்பினாலும் புதுசு. பேட் தேய்ஞ்சிருந்தா அதையும் மாத்து. வேலைக்கு என் கொட்டகைக்கு வா, கூலி வேணாம். பிரேக் மிதிக்கிறதுக்கு ஒரு ஆளை மட்டும் கூட்டிட்டு வா.

டர்போ_தாசேக்

ஃபிட்டர் அண்ணே சொல்றதை மதிக்கிறேன். ஆனா பிரேக், புஷ், ரேடியேட்டர்னு 1.5க்கு வாங்கிப் போட்டுட்டு, அப்புறம் பெரிய எஞ்சின் வரும்போது எல்லாத்தையும் மறுபடி பெருசா மாத்தணுமே. ரெட்டைச் செலவு இல்லையா?

பழைய_ஃபிட்டர்

எண்ணெயும் ஹோஸும் பெரிய எஞ்சின் வந்தாலும் வேணும். முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற லோவர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டைராட் என்ட், இதெல்லாம் இன்னைக்கே ஆடுது. ஆடுற காலோட எத்தனை குதிரை பலம் வச்சு என்ன செய்ய?

வயரிங்_அக்கா

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். தம்பி விளக்கைப் பத்திச் சொன்னதை யாரும் கவனிக்கல. லயத்துக்குப் போற ரோட்டுல தெருவிளக்கு கிடையாது. ரெண்டு பக்கமும் செம்பனை, நடுவுல மாடு படுத்திருக்கும், விளக்கில்லாத மோட்டார் எதிர்ல வரும். பிரேக் எவ்வளவு நல்லா இருந்தாலும், முன்னாடி இருக்கிறது கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே மிதிப்பே?

புது பல்பு வாங்காதே தம்பி, முதல்ல அள. எஞ்சினை ஓட விட்டு, விளக்கைப் போட்டு, மீட்டரால பேட்டரி முனையில எத்தனை வோல்ட்டுன்னு பாரு. அப்புறம் பல்பு சாக்கெட்டுல பாரு. அங்க 13.8, இங்க 12.4ன்னா, பத்துல ஒரு பங்கு வழியிலயே போயிடுச்சு. ஹாலஜன் பல்புல வோல்ட் பத்து சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் பத்து இல்ல, ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். பழைய காடிங்க விளக்கு மங்குறதுக்கு முக்காவாசி காரணம் பழைய வயரு, பச்சை பூத்த எர்த்து முனை, தேய்ஞ்ச சுவிட்ச். எர்த்தை எடுத்துச் சுரண்டி, பளபளன்னு இரும்பு தெரியிற இடத்துல இறுக்கினாலே பாதி திரும்பி வந்திடும்.

அப்பவும் குறையா இருந்தா ரிலே போடலாம். பேட்டரியில இருந்து தடிச்ச வயரு, பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ், ரிலே வழியா நேரா பல்புக்கு. பழைய சுவிட்ச் ரிலேயைத் தட்டி விடுற வேலையை மட்டும் செய்யும். 60/55 வாட் எச்4 பல்பே போதும். 100 வாட் பல்பு போட்டு சாக்கெட் உருகி என்கிட்ட வந்த காடிங்க நிறைய. ஹாலஜனுக்குச் செஞ்ச கூட்டுக்குள்ள எல்இடி பல்பைத் திணிக்காதே. எதிர்ல வர்றவர் கண்ணு கூசும், உனக்கும் தூரம் தெரியாது.

வயரு என்கிட்ட மிச்சம் கிடக்கு, ரிலே மட்டும் வாங்கிட்டு வா. லாம்பு கண்ணாடியும் மஞ்சளா இருந்தா தண்ணித் தாள் (ஈர உப்புத்தாள்) வச்சுத் தேய்ச்சுப் பாலிஷ் போடலாம், அதையும் நான் சொல்லித் தர்றேன்.

செம்மண்வீரா

அக்கா, அளந்தேன். பேட்டரியில 13.9, இடது பல்புல 12.1. வலதுல கொஞ்சம் மேல். எர்த்து முனையைப் பார்த்தா அது ஒயராவே தெரியல.

டின்ல பிரேக் எண்ணெய் ரசீது கிடைச்சது, ரொம்பப் பழசு. டைமிங் பெல்ட் ரசீதைக் காணோம்.

சாகா_1985

சாமான் வாங்குறதைப் பத்தி நான் சொல்றேன், அது என் ஏரியா. தம்பி எடுத்த காடிக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. புரோட்டோன் சாகா 1985ல வந்தது. வீரா 1993ல மிட்சுபிஷி லான்சர் அடித்தளத்துல வந்தது. சத்ரியாவும் புத்ராவும் வீராவோட பிறந்ததுங்கதான். அதனால பொத்தோங் கடைகள்ல (பழைய காடி சாமான் விக்கிற கடை) சாமானுக்குப் பஞ்சமே கிடையாது. லான்சர், சத்ரியா, புத்ரா எதுல இருந்து எது வீராவுக்குச் சேரும்னு இந்த நாட்டுல தெரிஞ்ச ஆளுங்க ஊருக்கு ஊர் இருக்காங்க. மாசம் 200 வெள்ளியில ஒரு காடியைக் கட்ட முடியும்னா, அது இந்த மாதிரி காடியாத்தான் இருக்கும்.

ஆனா எதைப் பழசா வாங்கலாம், எதை வாங்கக் கூடாதுன்னு தெரியணும். கண்ணாடி மோட்டர், கதவுப் பிடி, டேஷ்போர்டு, சீட்டு, ஸ்டீயரிங், விளக்குக் கூடு, இதெல்லாம் பொத்தோங் கடையில தாராளமா எடு. அல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர்னா அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லு. ரப்பர், பெல்ட், பிரேக், இந்த மூணுல எதையும் பழசா எடுக்காதே. பால் ஜாயின்டும் அப்படித்தான். பத்து இருபது வெள்ளியை மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்ல. நக்கிளோட (சக்கரத்தைத் தாங்குற இரும்பு) பெரிய பிரேக் செட் யாராச்சும் மலிவா தந்தா, காசை நீட்டுறதுக்கு முன்னாடி வீல் ஓட்டை அளவைப் பாரு. அது மாறினா நாலு ரிம்மையும் மாத்த வேண்டி வரும்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். 3519ன்னா 2019ல 35ஆவது வாரம். பட்டன் எவ்வளவு தடிப்பா இருந்தாலும் வயசான ரப்பர் மழையில பிடிக்காது.

பழைய_ஃபிட்டர்

பிரேக் வேலை முடிஞ்சதுன்னு நானே எழுதுறேன், தம்பிக்கு ஷிப்ட். ஹோஸ் நாலும் புதுசு. பழைய எண்ணெய் கட்டங்காப்பி நிறத்துல வந்தது. மிதிக்க அவன் தங்கச்சியைக் கூட்டிட்டு வந்தான்; "மிதி, பிடி, விடு"ன்னு நான் சொல்லச் சொல்ல ஒரு தடவைகூட தப்பாம மிதிச்சுது அந்தப் பொண்ணு. எந்தச் சக்கரத்துல தொடங்கி பிரேக் குழாய்க் காத்தை எடுக்கணும்னு காடி புத்தகத்தைப் பார்த்துத்தான் செஞ்சோம். டைமிங் பெல்ட்டை அடுத்த மாசக் காசுல, டென்ஷனரோடயும் ஆயில் சீலோடயும் மாத்தப் போறோம். திறந்த கையோட வாட்டர் பம்பையும் பார்த்திடுவோம்.

இதை வாசிக்கிற சின்னப் பசங்களுக்கு ஒன்னு சொல்லணும். அன்னைக்குத் தம்பி வந்ததும் ஜேக்ல தூக்கிட்டு அப்படியே அடியில போகப் பார்த்தான். நான் விடல. ஜேக் தூக்குறதுக்குத்தான், தாங்குறதுக்கு இல்ல. ஸ்டாண்டு வச்சு, காடியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்து, கழட்டின சக்கரத்தையும் அடியில படுக்கப் போட்டுட்டுத்தான் உள்ளே போகணும். ஸ்டாண்டு இல்லாதவங்க என்கிட்ட எடுத்துட்டுப் போங்க. நாலு இருக்கு.

கமுனிங்_கஞ்சில்

இந்த இழையைப் பார்த்ததுல இருந்து ஒன்னு தோணுது. எங்கிட்ட டார்க் ரென்ச் (அளவு பார்த்து நட்டு இறுக்குற கருவி) இருக்கு, வருஷத்துல ஒரு நாள் எடுத்தா பெரிசு. அண்ணே கிட்ட ஸ்டாண்டு, அக்கா கிட்ட மீட்டர். சுங்கை சிப்புட்ல இருந்து குவாலா கங்சார் வரைக்கும் நாம இத்தனை பேர் இருக்கோம். யார்கிட்ட என்ன கருவி இருக்குன்னு எழுதி வச்சா, இனிமே புதுசா வர்ற யாரும் எல்லாத்தையும் வாங்க வேண்டியதில்லையே? தம்பி, வீல் நட்டு இறுக்க வா. வீராவுக்கு 100 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும். காலால ஏறி மிதிச்சு இறுக்குறது போல்ட்டைத்தான் கெடுக்கும்.

டர்போ_தாசேக்

என்கிட்ட எஞ்சின் கிரேன் இருக்கு. எழுதிக்கோங்க.

செம்மண்வீரா

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பெல்ட் மாத்தியாச்சு. பழசைக் கழட்டிப் பார்த்தப்போ பல்லு ஓரமெல்லாம் வெடிச்சிருந்தது. அக்கா வீட்டு வாசல்ல ரிலே வேலையும் முடிஞ்சது. இப்போ ரெண்டு பல்புலயும் 13.5க்கு மேல வருது. ராத்திரி லயத்துக்குப் போனப்போ அப்பா வெளிய வந்து யாரோ பெரிய காடியில வர்றாங்கன்னு பார்த்துட்டு நின்னார்.

அடுத்தது சூடு. ஒரு போமன் (மெக்கானிக்) தெர்மோஸ்டாட்டை எடுத்து வீசிடு, எல்லாம் சரியாயிடும்னு சொல்றார். செய்யலாமா?

பழைய_ஃபிட்டர்

வேண்டாம்.

சாகா_1985

அண்ணே ஒரு வார்த்தையில முடிச்சிட்டார், காரணத்தை நான் சொல்றேன். தெர்மோஸ்டாட் இல்லாட்டி எஞ்சின் சூடாக ரொம்ப நேரம் எடுக்கும். குளிர்ந்த எஞ்சின் அதிக பெட்ரோல் குடிக்கும், சீக்கிரம் தேயும். முள் இறங்கினது மாதிரி தெரியும், நோய் அப்படியே இருக்கும். ஜாம்ல மட்டும் முள் ஏறி, ஓடும்போது இறங்குதுன்னா முதல்ல ஃபேனைச் சந்தேகப்படு. எப்போ சுத்தத் தொடங்குதுன்னு கூடவே நின்னு பாரு. ஃபேன் சரின்னா ரேடியேட்டர். வருஷக்கணக்கா குழாய்த் தண்ணி ஊத்தின காடியில உள்ளே உப்பும் துருவும் அடைச்சிருக்கும். ரேடியேட்டர் மூடியோட ரப்பரையும் பாரு. அதுதான் இருக்கிறதுலயே மலிவான சாமான். எல்லாம் முடிச்சப்புறம் கூலன்ட் ஊத்து. நம்ம நாட்டுல பனி உறையாதுதான், ஆனா கூலன்ட் துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் ஏத்தும்.

செம்மண்வீரா

ஃபேன்தான். மோட்டர் கார்பன் தேய்ஞ்சு போயிருந்தது. பொத்தோங் கடையில வேற மோட்டரை ஓட்டிப் பார்த்து எடுத்தேன். மூடியும் கூலன்ட்டும் புதுசு. முள் இப்போ நடுவுலயே நிக்குது. ஒதுக்கினதுல பாதிகூட ஆகல.

பழைய_ஃபிட்டர்

துருவைப் பத்திக் கொஞ்சம் விரிவா எழுதணும், ஏன்னா நம்ம தோட்டத்துக் காடிங்களுக்கு இதுதான் எமன். செம்மண் சேறு பின் சக்கர வளைவோட உள் மடிப்புல போய் உட்கார்ந்திடும். மேல காஞ்சது மாதிரி தெரியும், உள்ளே ஈரம் மாசக்கணக்கா நிக்கும். கதவுக்குக் கீழ இருக்கிற பெட்டிக்குத் தண்ணி வடியிற ஓட்டைங்க உண்டு, அதையும் இந்தச் சேறு அடைச்சிடும். அப்போ அந்தப் பெட்டி உள்ளேயிருந்தே அழுகும். தோட்டத்துக்குள்ள போய் வந்தா கூரையைக் கழுவாட்டிப் பரவாயில்ல, அடியையும் வளைவையும் தண்ணி பீச்சிக் கழுவு. ஓட்டைங்களை ஒரு கம்பியால குத்தி விடு.

தம்பி காடியில இடது வளைவைச் சுரண்டினப்போ விரல் உள்ளே போச்சு. புட்டி அப்பி மூடுறது சுலபம், நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க. ஆறு மாசத்துல மறுபடி கொப்புளம் வரும், அதுக்குள்ள உள்ளே இன்னும் தின்னிருக்கும். நல்ல இரும்பு தெரியிற வரைக்கும் வெட்டினோம். அட்டையில அளவு எடுத்துத் தகடு வளைச்சேன். பேட்டரி முனையைக் கழட்டி, பெட்ரோல் டாங்கி பக்கத்துல இருக்கிறதால அதையும் இறக்கி வெளிய கொண்டு போய் வச்சுட்டுத்தான் வெல்டிங் தொட்டேன். பக்கத்துல ஒரு ஆள் தண்ணிக் குழாயோட நின்னார். புள்ளி புள்ளியா வச்சு, ஆற விட்டு, மறுபடி வச்சோம். ஒரே இழுப்பா ஓட்டினா மெல்லிய தகடு நெளிஞ்சிடும். அப்புறம் துத்தநாக பிரைமர், சீலர், உள்பக்கம் மெழுகு.

ஒரு வார இறுதிக்கு ஒரு பக்கம்னு பிரிச்சுச் செஞ்சோம். நடுவுல அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனப்போ ஒரு பக்கம் பிரைமரோட சாம்பல் நிறத்துல ஓடுச்சு காடி. ஓடுச்சு இல்ல? அதுதான் வேணும்.

கமுனிங்_கஞ்சில்

பெயின்ட்?

செம்மண்வீரா

அதே நிறம், அந்தப் பக்கம் மட்டும். முழுக் காடிக்கு இப்போ காசு இல்ல. வேற நிறம் அடிச்சா ஜேபிஜேயில (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவும் மாத்தணும். கிராணி ஐயா வச்சிருந்த நிறமே எனக்குப் பிடிச்சிருக்கு.

டயரும் பார்க்கணும். இப்போ 175/70 ஆர்13. 15 அங்குல ரிம் ஒன்னு மலிவா வருது, எடுக்கலாமா?

சாகா_1985

கணக்கு போட்டுப் பாரு. 175/70 ஆர்13 டயரோட முழு விட்டம் 575 மில்லிமீட்டர். 185/60 ஆர்14 போட்டா 578. 195/50 ஆர்15 போட்டா 576. மூணும் ஏறக்குறைய ஒன்னுதான், மீட்டர் பொய் சொல்லாது. வித்தியாசம் டயர் சுவர்ல. 13ல சுவர் 122 மில்லிமீட்டர், 14ல 111, 15ல 97தான். செம்பனைக் குலை லோரி கிழிச்ச குழியில 15 இறங்கினா ரிம்தான் அடி வாங்கும். பட்டணத்துக் காடிக்கு 15 அழகு. உனக்கு 14.

டர்போ_தாசேக்

சரி, காடி நிக்குது, திரும்புது, தெரியுது. இப்போவாவது எஞ்சின் பேச்சைத் திறக்கலாமா?

சாகா_1985

திறக்கலாம். ஆனா 4ஜி93 வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். அது 1834 சிசி. தீபகற்பத்துல தனியார் காடிக்கு ரோட்டெக்ஸ் (சாலை வரி) 297 வெள்ளி வரும். இப்போ இருக்கிற 4ஜி15, 1468 சிசி, 90 வெள்ளி. 4ஜி92 1597 சிசி, அதுவும் 90 வெள்ளிதான். மாசம் 200 ஒதுக்குற ஆளுக்கு வருஷா வருஷம் வர்ற வித்தியாசம் அது. வீரா 1.6ல கம்பெனியே போட்ட எஞ்சின் 4ஜி92, அதனால மவுண்டிங் தேடி அலைய வேண்டியதும் குறைவு.

எது போட்டாலும் ஜேபிஜே அனுமதி, புஸ்பாகோம் வாகனச் சோதனை, கிராண்டுல (காடிப் பதிவுத் தாள்) புது எஞ்சின் நம்பர். ரசீதும் தாளும் இல்லாத எஞ்சினை எவ்வளவு மலிவா தந்தாலும் தொடாதே. நம்பர் சேராத காடியில ஒரு விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கை விரிச்சிடலாம். அம்மாவை உட்கார வச்சு ஓட்டுற காடி.

டர்போ_தாசேக்

ரோட்டெக்ஸ் கணக்கை நான் மறுக்கல. 4ஜி93யோட இழுவை தெரிஞ்சவன் 200 வெள்ளிக்கு யோசிக்க மாட்டான்னு இன்னமும் சொல்லுவேன். ஆனா தம்பி 92 எடுத்தாலும் கிரேனோட நான் வர்றேன். சேவல் கூவும்போதே கொட்டகையில நிப்பேன்.

செம்மண்வீரா

முடிவு எடுத்துட்டேன். 4ஜி92. ஆனா இப்போ இல்ல. எஞ்சின், கிளட்ச் செட், மவுண்டிங், ஹோஸ், புஸ்பாகோம் செலவு எல்லாத்துக்கும் கணக்கு எழுதியிருக்கேன். முழுசா சேர்றதுக்கு அடுத்த தீபாவளி தாண்டிடும். அது வரைக்கும் 4ஜி15 ஓடட்டும். வால்வு கவர் கேஸ்கெட் கசியுது, பிளக் வயரு பழசு, இந்த மாசக் காசு அதுக்கு. தங்கச்சி லைசன்ஸ் எடுக்கப் போகுது, இந்தக் காடியிலதான் ஓட்டிப் பழகணும்னு சொல்லுது.

கருவிப் பட்டியலை நான் எழுதி வச்சிருக்கேன். யார்கிட்ட என்ன இருக்கு, இப்போ யார் கையில இருக்குன்னு வாரா வாரம் புதுப்பிக்கிறேன். எங்கிட்ட இப்போ இருக்கிறது: அண்ணே ஸ்டாண்டு ரெண்டு, காத்து எடுக்கிற குழாய், நான் புதுசா வாங்கின 10ல இருந்து 22 வரைக்கும் சாக்கெட் செட்.

லிந்தாங்_சத்ரியா

புது ஆள் அண்ணே. எங்கிட்ட ஒரு சத்ரியா 1.3 இருக்கு. முன்னாடி டொக் டொக்னு சத்தம். லோவர் ஆர்மா, அப்சோர்பரான்னு தெரியல. கையில 80 வெள்ளிதான் இருக்கு.

செம்மண்வீரா

எதையும் வாங்காதே தம்பி. ஞாயிறு காலையில ஃபிட்டர் அண்ணே கொட்டகைக்கு வா, நான் ஸ்டாண்டு கொண்டு வர்றேன். கடப்பாறையால புஷ்ஷை நெம்பிப் பார்த்துட்டு அப்புறம் பேசுவோம். வர்ற வழியில குழியில மெதுவா இறக்கு.